திருகோணமலையில் பழைய புத்தகம் சேர்த்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய புத்தகங்களைத் தேடி வாங்கத் தொடங்கியவர்கள் வழமையாகக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் கீழே தரப்பட்டுள்ளன. தமிழ்ப் புத்தகங்களையும், திருகோணமலையின் கடற்காற்றையும் மாரி மழையையும், இங்கே புத்தகங்கள் கைமாறும் வழிகளையும் மனத்தில் வைத்தே இவை எழுதப்பட்டன.

பழைய புத்தகம் என்று எதைச் சொல்கிறோம்?

ஒருவர் வாங்கி வைத்திருந்து, பின்னர் அவர் கையை விட்டு நீங்கிய எந்தப் புத்தகமும் இதில் அடங்கும். போன வருடம் அச்சான நாவலும் இதில் வரும், நூறு வருடத்துக்கு முந்திய புராண உரையும் வரும். ஆனால் இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் பேசப்படுவது 1990ஆம் ஆண்டுக்கு முன்னர் அச்சான தமிழ்ப் புத்தகங்களையும் இதழ்களையும் மலர்களையும் பற்றியே. அதற்குப் பிந்தியவை கெட்டுப்போனாலும் இன்னொரு பிரதி கிடைப்பது பெரிய பாடில்லை.

திருகோணமலையில் இவை எங்கே கிடைக்கும்?

கொழும்பு மருதானையில் இருப்பதுபோல வரிசையாக அமைந்த பழைய புத்தகக் கடைகள் திருகோணமலையில் இல்லை. இங்கே புத்தகம் கடைக்கு வருவதற்கு முன்பே அதைச் சந்திக்க வேண்டும். பழைய கடதாசியும் போத்தலும் வாங்கிக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாகத் திரியும் வியாபாரிகளோடும், அவர்கள் கொண்டுபோய் நிறுத்து விற்கும் இடங்களோடும் பழக்கம் வைத்துக்கொள்வதே முதல் வழி. அவர்களுக்குப் புத்தகமும் செய்தித்தாளும் ஒரே நிறையில்தான் போகும். ஆகையால், கட்டு அவிழ்க்கப்படுவதற்கு முன்னர் பார்க்க விட்டால் நிறுவைக்கு மேலே ஒரு தொகை தருவதாகச் சொல்லி வைத்தால் அவர்கள் மறுப்பதில்லை. தாமதித்தால் அதே தாள்கள் கடலைச் சுருளாகவோ, கடையில் சாமான் சுற்றும் பையாகவோ மாறிவிடும்.

தைப்பொங்கலுக்கும் சித்திரை வருடப் பிறப்புக்கும் முந்திய வாரங்கள் நல்ல பருவம். வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது பரணில் இருப்பதெல்லாம் விறாந்தைக்கு இறங்கும். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, பெற்றோரின் வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ முற்படும் குடும்பங்களில் முழு அலுமாரியே ஒருநாளில் காலியாகும். ஓய்வுபெற்ற தமிழாசிரியர்களின் வீடுகளும், பழைய வாசிகசாலைகளில் செயலாளராக இருந்தவர்களின் வீடுகளும் தனியாகக் குறித்து வைக்கத்தக்கவை. இவர்களிடம் நேரே சென்று "விற்பீர்களா" என்று கேட்பது அழகல்ல. இப்படியான புத்தகங்களை வாசிக்கும் ஆள் ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தவர் மூலம் காதில் போட்டு வைத்தால் போதும். நகரத்தை மட்டும் சுற்றிவிட்டு ஒன்றும் இல்லை என்று முடிவு செய்யக் கூடாது; மூதூர், கிண்ணியா, தம்பலகாமம் ஆகிய ஊர்களில் வாசிப்பும் எழுத்தும் தலைமுறைகளாக இருந்து வந்தன.

கொழும்புக்குப் போய்த் தேடுவதால் பயன் உண்டா?

உண்டு. இங்கிருந்து செல்லும் இரவுப் புகையிரதம் கோட்டைக்கு முன்னதாக மருதானையைக் கடக்கும். முன்னர் மக்கலம் வீதி எனப்பட்ட டி. ஆர். விஜேவர்தன மாவத்தையிலேயே அந்தப் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன. அங்கே சிங்களமும் ஆங்கிலமுமே மிகுதி. தமிழ் வேண்டும் என்று கேட்டால்தான் அடியில் கிடக்கும் கட்டு மேலே வரும். தமிழ் வாசிக்காத கடைக்காரர் புத்தகத்தின் தடிப்பையும் மட்டையையும் பார்த்தே விலை சொல்வார் என்பதால், மெலிந்த புத்தகங்களைத் தேடுபவருக்கு அது வாய்ப்பான இடம். செப்டெம்பரில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபத்தில் நடக்கும் புத்தகக் கண்காட்சி பெரும்பாலும் புதிய புத்தகங்களுக்கானது. பழையதைத் தேடி அங்கே போவது வீண்.

எதைச் சேர்ப்பது என்று எப்படித் தீர்மானிப்பது?

பெயர்பெற்ற தமிழக நாவல்களின் பழைய பதிப்புகளைத்தான் தொடக்கத்தில் எல்லோரும் தேடுவார்கள். அவற்றை வாங்குவதில் தவறில்லை, ஆனால் அவை மீண்டும் மீண்டும் அச்சாகின்றன, நூலகங்களிலும் இருக்கின்றன. இவற்றுக்கு எதிர்மாறாக, ஐம்பது பக்கம்கூட இல்லாத, கம்பி அடித்த, மட்டையில் படமும் இல்லாத ஒரு சிறு வெளியீடு உலகில் நாலைந்து பிரதிகளாக மட்டும் எஞ்சியிருக்கக்கூடும். திருகோணமலையில் இருந்துகொண்டு சேர்ப்பவர் அந்த மெலிந்த புத்தகங்களின் பக்கம் நிற்பதே பொருத்தம் என்பது இதை எழுதுபவரின் உறுதியான எண்ணம். இந்தப் பக்கத்தின் மற்ற விடைகளும் அந்த எண்ணத்தோடு எழுதப்பட்டவையே.

அப்படியான வெளியீடுகள் எவை? கோவில்களின் கும்பாபிஷேக மலர்கள், பாடசாலைகளின் ஆண்டு மலர்கள், ஊர்ச் சங்கங்களின் விழா மலர்கள், உள்ளூர்ப் புலவர் பாடிய ஊஞ்சற் பாட்டும் பதிகமும், நாடகப் பிரதிகள், கவியரங்கத் தொகுப்புகள் ஆகியவை முதலில் வரும். இறந்தவரின் அந்தியேட்டி நாளில் உறவினருக்கு வழங்கப்படும் நினைவு மலரை, அதாவது கல்வெட்டை, பலர் புத்தகமாகவே எண்ணுவதில்லை. அதிலோ இறந்தவரின் வமிசம், படித்த பாடசாலை, செய்த தொழில், மணவழி உறவுகள், அக்காலப் புகைப்படம் எல்லாம் இருக்கும். தேவாரப் பகுதியைக் கடந்து பின்பக்கங்களைப் புரட்டினால், வேறு எந்த நூலிலும் எழுதப்படாத ஓர் ஊர்ச் செய்தி கிடைக்கும்.

எழுத்தாளர் வழியாகச் சேர்க்க விரும்புவோருக்கும் இந்த மாவட்டம் குறை வைக்கவில்லை. தமிழின் முதல் வரலாற்று நாவலாகக் கருதப்படும் மோகனாங்கி 1895ஆம் ஆண்டு வெளிவந்தது. அதை எழுதிய தி. த. சரவணமுத்துப்பிள்ளை திருகோணமலையில் பிறந்தவர். மூதூரின் வ. அ. இராசரத்தினம், நகரின் ந. பாலேஸ்வரி ஆகியோரின் முதற் பதிப்புகள் இன்னும் வீடுகளில் இருந்து வெளியே வருகின்றன.

பதிப்பகம் வழியாகச் சேர்ப்பது இன்னொரு முறை. 1970களின் தொடக்கத்தில் தமிழகச் சஞ்சிகைகளினதும் நூல்களினதும் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது இலங்கைப் பதிப்பு முயற்சிகளுக்கு ஊக்கம் பிறந்தது; அக்காலத்து வீரகேசரிப் பிரசுரங்கள் கைக்கு அடக்கமான மலிவுப் பதிப்புகளாக வந்தன. டொமினிக் ஜீவா 1966இல் தொடங்கிய மல்லிகையின் தனி இதழ்களும் நல்ல தேட்டம். சோவியத் ஒன்றியத்தில் இருந்து வந்த முன்னேற்றப் பதிப்பகத்தினதும் ராதுகாவினதும் தமிழ் மொழிபெயர்ப்புகள் தையலிலும் தாளிலும் உறுதியானவை. பிள்ளைகளுக்கான படக்கதைகளைக் கண்டால் விட்டுவிடாதீர்கள்.

ஆண்டு அச்சிடப்படாத புத்தகத்தின் வயதை எப்படி அறிவது?

பழைய புத்தகம் சேர்ப்பதில் மிகவும் சுவையான வேலை இதுதான். முகப்பேட்டில் ஆண்டு இல்லாவிட்டாலும், புத்தகம் தன் வயதைப் பல இடங்களில் சொல்லிவிடும்.

முதலில் தமிழ் வருடப் பெயரைத் தேட வேண்டும். பழைய நூல்களில் "துன்முகி வருடம் ஆவணி மாதம்" என்பது போன்ற குறிப்பு முகப்பேட்டின் அடியிலோ முன்னுரையின் முடிவிலோ இருக்கும். அறுபது வருடச் சுற்று 1867, 1927, 1987 ஆகிய ஆண்டுகளின் சித்திரையில் பிரபவவோடு தொடங்கியது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் மற்றவற்றைக் கணக்கிடலாம். துன்முகி முப்பதாவது வருடம். ஆகவே அது 1896, 1956, 2016 ஆகியவற்றுள் ஒன்று. இம்மூன்றில் எது என்பதைத் தாளும் எழுத்தும் விலையும் தீர்மானிக்கும். தை, மாசி, பங்குனி மாதங்கள் குறிக்கப்பட்டிருந்தால் ஆங்கில ஆண்டு ஒன்று கூடிவிடும் என்பதையும் மறக்கக் கூடாது.

அடுத்தது விலை. தமிழக நூலில் விலை அணாவில் இருந்தால் அது இந்தியா 1957 ஏப்ரலில் தசம நாணயத்துக்கு மாறுவதற்கு முந்தியதாகவே பெரும்பாலும் இருக்கும். நயா பைசா என்று இருந்தால் 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது. இலங்கை நூல்களில் ரூபாவும் சதமும் நெடுங்காலம் மாறாமல் இருந்ததால் விலை அவ்வளவாக உதவாது.

மூன்றாவது முகவரி. இந்திய முகவரியில் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் அந்தப் பிரதி 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது. "சென்னை-1" என்பது போன்ற குறுகிய எண் மட்டும் இருந்தால் அதற்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு மிகுதி. இலங்கை நூலின் ஆங்கில வரியில் சிலோன் என்று இருந்தால், நாடு குடியரசான 1972 மே மாதத்துக்கு முன்னர் அச்சாகியிருக்கலாம். பழைய அச்சுப் பாளங்களை அப்படியே பயன்படுத்திய அச்சகங்களும் உண்டு என்பதால் இதை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்ல முடியாது.

நான்காவது எழுத்து வடிவம். தமிழ்நாட்டு அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது பதின்மூன்று எழுத்துகளின் வடிவம் மாறியது. ணை, லை, ளை, னை ஆகியவை துதிக்கை போல மேலெழுந்து வளைந்த கொம்போடும், ணா, றா, னா ஆகியவை தனிக் கால் இல்லாமல் வளைந்த வாலோடும் அச்சாகியிருந்தால் அது பழைய வடிவம். ஆனால் கையால் ஈய எழுத்துக் கோத்த சிற்றூர் அச்சகங்கள், கையிருப்பில் இருந்த எழுத்து தேயும்வரை அதையே பயன்படுத்தின. ஆகவே பழைய வடிவம் 1978க்கு முந்தியது என்பதற்கு முழுச் சான்று ஆகாது, புதிய வடிவமோ பிந்தியது என்பதற்கு நல்ல சான்று. பக்க எண்கள் தமிழ் இலக்கத்தில் இருந்தால் இன்னும் பின்னே போகலாம்.

சர்வதேசத் தர நூல் எண் (ISBN) 1970களில்தான் பரவத் தொடங்கியது. அது பதின்மூன்று இலக்கமாக இருந்தால் 2007ஐ ஒட்டியோ பின்னரோ அச்சானது. 955 அல்லது 624 என்ற தொகுதி இலங்கையையும், 81 அல்லது 93 இந்தியாவையும் குறிக்கும்.

வாங்கும்போது பக்கங்கள் முழுமையாக இருக்கின்றனவா என்று விரைவாகப் பார்க்க முடியுமா?

முடியும். பெரும்பாலான புத்தகங்கள் பதினாறு பக்கம் கொண்ட பாரங்களாக அச்சாகி மடிக்கப்பட்டவை. ஒவ்வொரு பாரத்தின் முதற்பக்கத்து அடி ஓரத்திலும் மிகச் சிறிய எழுத்தில் ஓர் எண் இருக்கும். சில நூல்களில் நூற்பெயரின் முதலெழுத்தும் அதோடு சேர்ந்திருக்கும். பதினேழாம் பக்கத்தில் 2, முப்பத்து மூன்றாம் பக்கத்தில் 3, நாற்பத்தொன்பதாம் பக்கத்தில் 4 என்று அது போகும். இந்த எண்களை மட்டும் தாவித் தாவிப் பார்த்தால், முந்நூறு பக்கப் புத்தகத்தையும் கடை வாசலில் நின்றபடி சரிபார்த்துவிடலாம். ஒரு பாரமே விடுபட்ட பிரதியும், ஒரே பாரம் இருமுறை தைக்கப்பட்ட பிரதியும் பழைய அச்சகங்களில் சாதாரணமாக நிகழ்ந்தவை. கடைசிப் பாரத்தையும் பிழைதிருத்தப் பட்டியலையும் தனியாகப் பாருங்கள். மட்டை கழன்ற புத்தகத்தில் முதலில் தொலைவது அவையே. மாத நாவலாக வந்த பதிப்புகளில் கதை சுருக்கப்பட்டிருப்பது உண்டு என்பதால், பக்கம் சரியாக இருந்தாலும் நூல் முழுமையானது என்று எண்ணிவிட முடியாது.

எவ்வளவு கொடுப்பது நியாயம்?

நிலையான விலைப்பட்டியல் ஒன்றும் கிடையாது. பழைய கடதாசியாக நிறுத்திருந்தால் விற்பவருக்கு என்ன கிடைத்திருக்குமோ அது கீழ் எல்லை. அதே நூலின் இன்றைய மறுபதிப்பின் விலை பொதுவாக மேல் எல்லை. மறுபதிப்பே இல்லாத உள்ளூர் வெளியீட்டுக்கு மேல் எல்லை உங்கள் விருப்பமே. விற்பவர் அதன் அருமை அறியாத முதியவராக இருந்தால், அவர் கேட்டதைவிடக் கூடக் கொடுப்பதுதான் முறை. அடுத்த கட்டுப் புத்தகம் வெளியே வரும்போது அந்த வீட்டார் வேறு ஆளைத் தேடப் போவதில்லை.

நூலக முத்திரை உள்ள புத்தகத்தை வாங்கலாமா?

முத்திரையைக் கவனமாகப் பாருங்கள். நூலகங்கள் தேய்ந்த புத்தகங்களைக் கணக்கில் இருந்து கழிப்பது உண்டு. அப்படிக் கழித்ததற்கான குறிப்போ முத்திரையோ இருந்தால் தயக்கமின்றி வாங்கலாம். அது இல்லாவிட்டால், இயங்கிக்கொண்டிருக்கும் நூலகத்தின் புத்தகத்தை அந்த நூலகத்திடமே ஒப்படைக்க வேண்டும்.

இந்த மாவட்டத்தில் கேள்வி இத்தோடு முடிவதில்லை. இடம்பெயர்வுகளின்போது பூட்டாமல் விட்டுச்செல்லப்பட்ட பாடசாலைகளில் இருந்தும் வாசிகசாலைகளில் இருந்தும் வெளியேறிய புத்தகங்கள் பல கைகள் மாறி இன்று வருகின்றன. சுனாமிக்குப் பிறகு ஒதுங்கியவையும் உண்டு. அந்த நிறுவனம் இன்று வேறு இடத்திலோ வேறு பெயரிலோ இயங்கினால், ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்டுவிடலாம். பெரும்பாலும் "நீங்களே வைத்திருங்கள்" என்றுதான் சொல்வார்கள், சிலர் கண்கலங்கி வாங்கிக்கொள்வார்கள். யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் 1981இல் எரிக்கப்பட்ட நாடு இது. ஒரு முத்திரையை அழிறப்பரால் தேய்த்து மறைப்பவர் எந்த வகையில் சேகரிப்பாளர் என்று விளங்கவில்லை. நிறுவனமே இல்லாமற் போயிருந்தால் புத்தகத்தை வைத்துக்கொள்ளுங்கள், முத்திரையையும் அப்படியே விடுங்கள். அப்படி ஒரு வாசிகசாலை இருந்தது என்பதற்கு எஞ்சிய எழுத்துச் சான்று அதுவாகவே இருக்கலாம்.

பழைய உரிமையாளரின் பெயரும் குறிப்புகளும் புத்தகத்தின் மதிப்பைக் குறைக்குமா?

கடைக்காரர் கணக்கில் குறைக்கலாம், வாசகர் கணக்கில் கூட்டும். திருமணப் பரிசாகக் கொடுத்தவரின் கையெழுத்து, வகுப்பில் ஆசிரியர் சொன்ன பொருளை ஓரத்தில் எழுதிய மாணவியின் பென்சில் குறிப்பு, இடையில் மறந்துவிடப்பட்ட பேருந்துச் சிட்டை ஆகியவை அந்தப் பிரதியை மற்றப் பிரதிகளில் இருந்து வேறுபடுத்துபவை. செய்தித்தாள் நறுக்கு இருந்தால் மட்டும் அதை எடுத்துத் தனி உறையில் இட்டு, எந்தப் பக்கத்தில் இருந்தது என்று எழுதி வையுங்கள்; அதன் அமிலம் இரண்டு பக்கங்களிலும் பழுப்புச் சதுரமாகப் படிந்துவிடும். தனிப்பட்ட கடிதம் இருந்து, குடும்பத்தை அடையாளம் காண முடிந்தால், திருப்பிக் கொடுப்பதே நாகரிகம்.

வாங்கி வந்த புத்தகத்தில் பூச்சி இருந்தால் என்ன செய்வது?

எந்தப் பூச்சி என்று முதலில் பார்க்க வேண்டும். ஊசியால் குத்தியதுபோன்ற வட்டத் துளைகள் பக்கங்களை ஊடுருவிச் சென்று, புத்தகத்தைத் தட்டினால் மெல்லிய தூள் விழுந்தால் அது சிறு வண்டின் புழு. மட்டையும் தாளின் மேற்பரப்பும் ஒழுங்கற்ற வடிவில் சுரண்டியதுபோல இருந்தால் அது வெள்ளி நிறத்தில் நெளிந்தோடும் பூச்சி. பசைக்காகவே அது வரும். வீடுகளில் இரண்டையுமே இராமபாணம் என்றுதான் சொல்கிறோம். கறையான் வேறு வகை. அது புத்தகத்தோடு வருவதைவிடச் சுவர் வழியாக ஏறி வருவதே மிகுதி என்பதால், றாக்கையைச் சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளி வைப்பதும், மாதம் ஒருமுறை பின்புறத்தில் மண் தடம் தெரிகிறதா என்று பார்ப்பதும் அவசியம்.

புழுவுக்கும் வெள்ளி நிறப் பூச்சிக்கும் நஞ்சில்லாத நல்ல வழி உறைய வைத்தல். புத்தகத்தைக் காற்றுப் புகாத பொலித்தீன் பையில் இட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, வாயை நன்றாக மூடி, இன்னொரு பையிலும் இட்டு, சுழியத்துக்குக் கீழ் 18 பாகை அளவுக்குக் குளிரும் பெட்டியில் இரண்டு வாரம் வைக்க வேண்டும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது. ஒரு முழு நாள் அப்படியே விட்டு, பையின் வெளிப்புறத்து ஈரம் காய்ந்து, புத்தகம் அறை வெப்பத்துக்கு வந்த பிறகே திறக்க வேண்டும். முந்தித் திறந்தால் காற்றில் உள்ள ஈரம் தாளில் படியும். பாரைமீனும் புத்தகமும் ஒரே பெட்டியில் இருப்பதை வீட்டார் விரும்ப மாட்டார்கள் என்பது உண்மைதான். இரட்டைப் பை அதற்கும் சேர்த்துத்தான். நீண்ட மின்வெட்டு ஏற்பட்டால் நாட்கணக்கை மீண்டும் தொடங்குங்கள்.

நப்தலின் உருண்டைகளைப் படுக்கும் அறை அலுமாரியில் வைக்க வேண்டாம். அந்த ஆவி மனிதருக்கும் கூடாது. காய்ந்த வேப்பிலையை வைப்பவர்கள் அதை அடிக்கடி மாற்ற வேண்டும், நொறுங்கிய இலையே பின்னர் பூச்சிக்கு இருப்பிடமாகிவிடும்.

மாரி காலத்தில் பூஞ்சணம் பிடிக்காமல் எப்படிக் காப்பது?

ஐப்பசி தொடங்கித் தை வரை வாடைக்காற்றும் மழையும் சேர்ந்து வரும் மாதங்களே இங்கே புத்தகங்களுக்குக் கண்டம். காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 65ஐத் தாண்டி நாட்கணக்கில் நின்றால் பூஞ்சணம் வளரத் தொடங்கும். சிறிய ஈரப்பதமானி ஒன்று வாங்கி றாக்கையில் வைத்தால் ஊகிக்க வேண்டிய தேவை இராது. கடலோரத்து வீடுகளில் இன்னொரு தொல்லை உண்டு. காற்றோடு வரும் உப்புத் தூசி புத்தகத்தின் மேல் விளிம்பில் படிந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். கம்பி அடித்த மலர்களில் முதலில் கறள் ஏறுவதும், கம்பியைச் சுற்றித் தாள் செந்நிறமாகிக் கிழிவதும் இதனால் விரைவாகின்றன. மெல்லிய தூரிகையால் மேல் விளிம்பை அடிக்கடி துடைக்க வேண்டும். கறளேறிய கம்பியைப் பின்புறமாக நிமிர்த்தி மெதுவாகக் கழற்றி, பருத்தி நூலால் அதே துளைகள் வழியே தைத்துவிடலாம். இது ஒரு பிற்பகல் வேலை, மலருக்கோ இன்னொரு தலைமுறை ஆயுள்.

இரும்பு அலுமாரியை மூடியே வைப்பது பாதுகாப்பு என்று பலர் நம்புகிறார்கள். உள்ளே காற்றோட்டம் இல்லாவிட்டால் இரவுக் குளிரில் தகடு வியர்த்து, சுவர்ப்பக்கப் புத்தகங்கள் முதலில் கெடும். மழை ஓய்ந்த பகல்களில் கதவைத் திறந்து மின்விசிறியைச் சுழலவிடுங்கள். இரண்டு விரல் நுழையும் அளவுக்குப் புத்தகங்களை நெகிழ்வாக அடுக்குங்கள். கீழ்த்தட்டைத் தரையில் இருந்து உயர்த்துங்கள். வைகாசிக்குப் பிறகு கச்சான் காற்று அடிக்கும் வறண்ட மாதங்களில் எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் தூசி தட்டி நிழலில் காற்றாட விடுவது வருடாந்த வேலையாக இருக்கட்டும். வெயிலில் காய வைக்கக் கூடாது. மை வெளிறும், தாள் முறுகும்.

பூஞ்சணம் ஏற்கெனவே பிடித்திருந்தால் ஈரத்துணியால் துடைக்காதீர்கள். முதலில் உலர விட்டு, பின்னர் முகக்கவசம் அணிந்து வீட்டுக்கு வெளியே தூரிகையால் தட்டிவிட வேண்டும். வெள்ளத்தில் முழுமையாக நனைந்த புத்தகங்கள் ஒன்றிரண்டு என்றால் தாளிடை உறிஞ்சுதாள் வைத்து மின்விசிறிக்கு முன் நிறுத்தலாம். அதிகம் என்றால் பையில் இட்டு உறைய வைத்துவிட்டு, பின்னர் ஒவ்வொன்றாக எடுத்து உலர்த்துங்கள். வழவழப்பான தாளில் அச்சான மலர்களை ஈரத்தோடு மூடி வைத்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே பலகையாகிவிடும்.

கிழிந்த பக்கத்தைச் செலோடேப்பால் ஒட்டலாமா?

கூடாது. அதன் பசை சில வருடங்களில் மஞ்சளாகித் தாளுக்குள் ஊறிவிடும். நாடா உதிர்ந்த பிறகும் கறை போகாது. மெல்லிய தாள் கீற்றும் நன்றாகக் காய்ச்சிய அரிசிமாப் பசையும் போதும். பசையை மிகக் குறைவாகத் தடவி, இருபுறமும் மெழுகுத்தாள் வைத்துப் பாரம் ஏற்றி உலர விடுங்கள். தொட்டால் நொறுங்கும் பழுப்புத் தாளை ஒட்ட முயலவே வேண்டாம். மரக்கூழில் செய்த மலிவுத் தாள் தன்னிடமுள்ள அமிலத்தால் தானே எரிவது அது. ஒரு பிரதி எடுத்துவிட்டு, மூலத்தை உறையில் இட்டு வையுங்கள்.

புதிதாகக் கட்டுவித்தால் நல்லதா?

மட்டை முற்றாகப் போன புத்தகத்துக்கு மட்டும் நல்லது. கட்டுபவரிடம் கொடுக்கும்போது விளிம்பு வெட்ட வேண்டாம், மூல மட்டையை எறிய வேண்டாம், விளம்பரப் பக்கங்களை நீக்க வேண்டாம் என்று மூன்றையும் எழுதியே கொடுங்கள். சொல்லாமல் விட்டால், அழகாக இருக்கட்டும் என்று மூன்றையும் செய்து தருவார்கள்.

அரிய பிரதியை மின்வருடிப் பகிரலாமா?

இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி ஆசிரியரின் ஆயுட்காலமும் அதற்குப் பின் எழுபது ஆண்டும் பதிப்புரிமை நீடிக்கும். அந்தக் காலம் கடந்தவற்றைத் தாராளமாகப் பகிரலாம். மற்றவற்றுக்கு ஆசிரியரிடமோ குடும்பத்தினரிடமோ அனுமதி கேட்க வேண்டும்; உள்ளூர் வெளியீடுகளைப் பொறுத்தவரை அவர்கள் மகிழ்ச்சியோடே தருவார்கள். 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் ஈழத்துத் தமிழ் நூல்கள், இதழ்கள், மலர்கள் பெருந்தொகையாக இலவசமாக வாசிக்கக் கிடைக்கின்றன. உங்களிடம் உள்ள மலர் அங்கே இருக்கிறதா என்று முதலில் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் மூலத்தைக் கொடுக்கத் தேவையில்லை, வருடுவதற்கு இரவலாகக் கொடுத்தாலே போதும்.

ஓலைச்சுவடி கிடைத்தால்?

அதைப் பழைய புத்தகம்போல வாங்கி விற்க முனைய வேண்டாம். 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கப் பண்பாட்டுச் சொத்துச் சட்டத்தின் கீழ் இத்தகைய பொருட்களை அனுமதியின்றி நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்ல முடியாது. பிரித்துப் பார்க்கவும் வேண்டாம். பழகாத கையில் ஏடு ஒடியும். அருகில் உள்ள பல்கலைக்கழகத் தமிழ்த்துறையினரை நாடுங்கள்.

சேர்த்தவற்றை எப்படி அனுபவித்து வாசிப்பது?

பழைய நூலை அதன் காலத்து வேகத்தில் வாசிக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டு உரைநடையில் சொற்கள் சந்தி பிரிக்கப்படாமல் நீளமாகக் கோக்கப்பட்டிருக்கும். முதற் பத்துப் பக்கத்தை வாய்விட்டு வாசித்தால், எங்கே மூச்சு விடுவது என்று காதே சொல்லிக்கொடுக்கும், அதன் பின் கண்ணுக்கும் பழகிவிடும். முன்னுரையையும் சிறப்புப் பாயிரத்தையும் தாண்டிப் போகாதீர்கள். யார் பணம் கொடுத்தார், யார் பிழை பார்த்தார், எந்த ஊர்ப் பெரியவரின் வேண்டுகோள் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும்.

வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்துக் கட்டிய தொகுதிகள் தனிச் சுவை தருபவை. நூலாக வந்த பதிப்பில் இல்லாத ஓவியங்களும், "சென்ற இதழ்ச் சுருக்கமும்", மறுபுறத்தில் பாதியில் நிற்கும் வேறொரு கட்டுரையும், பவுடர் விளம்பரமும் அதில் இருக்கும். அப்படியான தொகுதியை ஒரே மூச்சில் முடித்துவிடாமல் நாளுக்கு ஓர் அத்தியாயமாக வாசித்துப் பாருங்கள். ஆசிரியர் ஏன் ஒவ்வொரு அத்தியாயத்தையும் அப்படிக் கொக்கி போட்டு நிறுத்தினார் என்பது அப்போதுதான் புரியும். உள்ளூர் மலர்களை வாசிக்கும்போது வீட்டில் உள்ள முதியவர் ஒருவரைப் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள். புகைப்படத்தில் பெயர் போடாமல் நிற்பவர் யார், கடை விளம்பரத்தில் உள்ள கடை எந்த வீதியில் இருந்தது என்பதை அவர் சொல்வார். சொன்னதைத் தனித்தாளில் எழுதித் திகதியிட்டு மலருக்குள் வையுங்கள்.

வீட்டில் இடம் இல்லாமற் போனால் எதை முதலில் விடுவது?

மறுபதிப்பாக எளிதில் கிடைப்பவற்றையும், தடித்த தொகுப்புகளையும் முதலில் விடுங்கள். நாவல்களைப் பாடசாலை நூலகத்துக்கோ வாசிகசாலைக்கோ கொடுக்கலாம், ஆனால் கொடுப்பதற்கு முன்னர் அவர்களுக்குத் தேவைதானா என்று பட்டியலைக் காட்டிக் கேட்க வேண்டும். கேளாமல் இறக்கிய பெட்டி மூலையில் கிடந்து கறையானுக்குப் போகும். மலர்களையும் கல்வெட்டுகளையும் ஒருபோதும் பிரிக்காதீர்கள். அவற்றை ஒரே தொகுதியாக, ஊர் வாரியாக எழுதிய பட்டியலோடு, வைத்திருக்கக்கூடிய ஒருவரிடம் உங்கள் காலத்திலேயே ஒப்படைத்துவிடுங்கள். பட்டியலின் ஒரு பிரதி வீட்டிலும் இருக்கட்டும்.